அலுமினியச் சைக்கிளும் கடம்பூர்ப் போளியும்

ஜேசுதாசன் அந்தச் சைக்கிளைத் தூத்துக்குடி பஸ்ஸின் மேலிருந்து இறக்கி, என் கடை வாசலில் கொண்டுவந்து சாய்த்த அன்றைக்கே சொல்லிவிட்டேன், இது குடும்பத்துக்கு ஆகிற வண்டி இல்லை என்று. என் பேச்சை யார் கேட்டார்கள்? இருபத்திரண்டு வருஷமாகக் கோவில்பட்டியில் சைக்கிள் கடை வைத்திருக்கிறேன். பஞ்சர் ஒட்ட மட்டும் அய்யாத்துரை வேண்டும், யோசனை கேட்க வேண்டாம். அப்படிப்பட்ட ஊர் இது.

"ஒத்த விரல்ல தூக்கிப் பாரும்வே" என்றார்.

தூக்கினேன். தூக்கவும் முடிந்தது. அதில்தான் எனக்கு எரிச்சல் வந்தது. விரல் மடக்கி ஃபிரேமில் தட்டினேன். 'ணங்' என்றது.

"என்னவே, சட்டிச் சத்தம் கேக்குது?"

"அலுமினியம்வே."

"அலுமினியத்துல சோறு வடிப்பாவ. சைக்கிளா செய்வாவ?"

"வெளிநாட்டுல ரேஸ் வண்டியெல்லாம் இதுலதான் செய்யுதான். ஒமக்கு என்ன தெரியும்?"

அவருடைய மச்சினன் துறைமுகத்தில் வேலை பார்க்கிறான். கப்பல்காரன் ஒருவன் கழித்துப் போட்ட வண்டியாம். கேரியர் இல்லை, ஸ்டாண்டு இல்லை, மட்கார்டு இல்லை, மணி இல்லை. ஹேண்டில்பார் கிடாக்கொம்பு மாதிரி கீழே வளைந்து கிடந்தது. சீட்டு நாலு விரல் அகலம் இருந்தால் அதிகம். இதில் ஏறி உட்கார்கிற மனுஷனுக்கு எங்கெங்கே வலிக்கும் என்று எனக்குத் தெரிந்தது, வாங்கியவருக்குத் தெரியவில்லை.

டயரில் காற்று இல்லை. பம்பை எடுத்தேன். டியூபின் வாய் பேனா ரீஃபில் மொத்தத்தில் இருந்தது. என் பம்பு அதில் பொருந்தவே இல்லை. துணி சுற்றிப் பார்த்தேன், வாயால் ஊதக்கூடப் பார்த்தேன். எதிர் டீக்கடையில் இருந்தவன் எல்லாம் எழுந்து வந்து வேடிக்கை பார்த்தான். அய்யாத்துரைக்கு சைக்கிளுக்குக் காற்றடிக்கத் தெரியவில்லையாம் என்ற செய்தி, சாயங்காலத்துக்குள் பஸ் ஸ்டாண்டு வரை போய்விட்டது. மறுநாள் லேத் பட்டறையில் போய் உட்கார்ந்து, பித்தளையில் பம்புக்கு ஒரு மூக்குக் கடைந்து வாங்கி வந்து காற்றை அடித்த பிறகுதான் எனக்குச் சோறு இறங்கியது.

நாற்பத்துநாலு வயசுக்காரர், ஊரெல்லாம் பெட்டிக் கடைகளுக்குக் கடலைமிட்டாய் போடுகிற மனுஷர், இந்த வண்டியை எதற்கு வாங்கினார் என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

ஒவ்வொரு வருஷமும் ஆகஸ்ட் பதினைந்தாம் தேதி மாதா கோயில் திருவிழா. அன்று காலையில் எங்கள் விழாக் குழு சைக்கிள் பந்தயம் நடத்தும். கோவில்பட்டியில் கிளம்பிக் கடம்பூர் போய்த் திரும்ப வேண்டும். ஆரம்ப காலத்தில் பயல்கள் பாதி வழியில் ஒரு புளியமர நிழலில் படுத்துக் கிடந்துவிட்டு, கடம்பூரைத் தொட்டுவிட்டு வந்ததாகச் சத்தியம் பண்ணினார்கள். அதனால் குழு ஒரு வழி கண்டுபிடித்தது. கடம்பூரில் போளிக் கடை வாசலில் நம் ஆள் ஒருவர் இருப்பார். போகிறவன் கையில் இலையில் சுற்றிய ஒரு போளி கொடுப்பார். அதைக் கொண்டுவந்து இங்கே ஒப்படைத்தால்தான் பந்தயம் முடிந்ததாகக் கணக்கு. அடுத்த வருஷமே ராமசுப்பு என்கிறவன் வழியில் போளியைத் தின்றுவிட்டு வெறும் இலையோடு வந்து நின்றான். அதிலிருந்து நோட்டீசில் ஒரு வரி சேர்ந்தது: 'போளி வழியில் விழுந்து சேதமானால் குற்றமில்லை, இலையாவது வந்து சேர வேண்டும். தின்றவர் தோற்றவராகக் கருதப்படுவார்.' கடம்பூரில் போளி கொடுக்கிற வேலையை ராமசுப்புவே கேட்டு வாங்கிக்கொண்டான். அங்கே எத்தனை தின்கிறான் என்று யாரும் எண்ணுவதில்லை.

அந்தப் பந்தயத்தில் பதினோரு வருஷமாக ஜேசுதாசன்தான் முதல். தினமும் இடைசெவலுக்கும் கடம்பூருக்கும் கேரியரில் இரண்டு தகரம் மிட்டாய் வைத்து மிதிக்கிற கால் அது. பரிசு எவர்சில்வர் குடம். அவர் வீட்டில் பதினோரு குடம் அடுக்கி இருக்கிறது. அவர் சம்சாரம் இஞ்ஞாசியம்மாள் பன்னிரண்டாவது குடத்தை எங்கே வைக்க என்று போன வருஷமே கேட்டாள்.

இதற்கு நடுவில் மகள் ஜெயஷீலாவைக் கேட்டு வந்தார்கள். இருபத்துமூன்று வயசு, டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் சொல்லிக் கொடுக்கிறாள். பையன் பிரின்ஸ்டன், இங்கே ஒரு தீப்பெட்டி ஆபீசில் சூப்பர்வைசர். சொந்த ஊர் விளாத்திகுளம். கோயில் பாட்டுக் குழுவில் இவள் பாட, அவன் கீபோர்டு வாசிப்பான். அந்தச் சங்கதி பங்குச் சாமியார் உட்பட எல்லாருக்கும் தெரியும், ஜேசுதாசனுக்கும் தெரியும்.

ஈஸ்டர் கழிந்த மறுவாரம் பையன் வீட்டார் வந்தார்கள். பக்கத்து வீட்டுக்காரன் என்று என்னையும் கூப்பிட்டு உட்காரவைத்திருந்தார்கள். கேசரி வந்தது, மிச்சர் வந்தது, பேச்சும் நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. பிரின்ஸ்டனின் தகப்பனார் சும்மா இருந்திருக்கலாம்.

"போன வருசம் எம்மவன் ஒங்களுக்குப் பின்னால ரெண்டாவதா வந்தாம்லா" என்றார் சிரித்துக்கொண்டே. "இந்த வருசம் பாருங்க சம்மந்தி, முந்திருவான். ஒங்களுக்கும் வயசாகுதுல்லா."

ஜேசுதாசன் கையிலிருந்த கேசரியைத் தட்டில் வைத்தார்.

"முந்தட்டும்" என்றார். "என்னை முந்தி வந்தாம்னா, மறு ஞாயித்துக்கெழமையே கோயில்ல ஓலை வாசிச்சிருவோம். முந்தலன்னா இந்தப் பேச்சு இத்தோட நிக்கட்டும். எனக்குப் பின்னால வாரவனுக்கு எப்படிப் பொண்ணக் குடுக்க?"

கோயிலில் ஓலை வாசித்துவிட்டால் கல்யாணம் ஊரறிய உறுதி. அப்படிப்பட்ட விஷயத்தைச் சைக்கிள் சக்கரத்தில் கொண்டுபோய்க் கட்டிவிட்டார் மனுஷன். அந்த நேரம் பார்த்து ஜெயஷீலா காப்பித் தட்டோடு வந்து நின்றாள்.

"நான் என்ன எவர்சில்வர் குடமா?" என்று கேட்டாள். "ஜெயிச்சவன் கையில தூக்கிக் குடுக்க?"

தட்டை வைத்தாள், உள்ளே போனாள். அன்றோடு தகப்பனோடு பேச்சை நிறுத்திவிட்டாள்.

வந்தவர்கள் போனபிறகு நான் கேட்டேன்.

"ஏம்வே, ஒமக்குப் பையனப் பிடிக்கலயா?"

"நல்ல பையன்வே."

"குடும்பம்?"

"தங்கமான குடும்பம்."

"பெறகு என்னத்துக்கு இந்த வீராப்பு?"

அடுக்கி இருந்த குடங்களை ஒரு பார்வை பார்த்தார். "விளாத்திகொளம் எவ்வளவு தூரம்வே?"

"பஸ்ஸுல ஒண்ணே கால் மணி நேரம்."

"ஒத்தப் பிள்ள. அவ போயிட்டா வீட்டுல என்ன இருக்கு? குடந்தான் இருக்கு" என்றார். "முடியாதுன்னு சொல்லலாம்னா, சொல்லுததுக்கு அந்தப் பையங்கிட்ட ஒரு குறையும் இல்ல."

குறை இல்லாத மாப்பிள்ளையைத் தட்டிக்கழிக்கத்தான் ஒரே வாரத்தில் தூத்துக்குடியிலிருந்து அலுமினியச் சைக்கிள் வந்து இறங்கியது.

முதல் வாரம் இஞ்ஞாசியம்மாள் அதைத் திருத்தப் பார்த்தாள். கேரியர் போடுங்க அண்ணாச்சி, ஸ்டாண்டு போடுங்க, மணி போடுங்க, கடைக்குப் போக வர ஆகும் என்றாள். நானும் நல்ல கேரியராக எடுத்து வைத்தேன். ஜேசுதாசன் அதைப் பார்த்த பார்வையில் கேரியர் உள்ளே போய்விட்டது. அவருக்கு எதையும் போடக் கூடாது, கழற்ற வேண்டும். எங்கிருந்தோ ஓர் ஆங்கிலப் புத்தகம் வாங்கி வந்திருந்தார். அதில் இருந்த படங்களைப் பார்த்தே நாலு மாதம் என் உயிரை வாங்கினார்.

கோயம்புத்தூருக்கு எழுதிப் போட்டு ஒல்லி டயர் வந்தது. பள்ளிக்கூடப் பையின் வாரை அறுத்துப் பெடலில் கால் கட்டிக்கொள்ளத் தைத்தோம். பின்சக்கரத்தில் ஏழு பல்சக்கரம் இருந்தது. "நம்ம கரிசக்காட்டுல ஏத்தம் ஏது? நாலைக் கழத்தும்" என்றார். கழற்றினேன். அடுத்து, எடை குறைய வேண்டும் என்று பிரேக் பிடியில் ஓட்டை போடச் சொன்னார். முன் பல்சக்கரத்தில் ஓட்டை போடச் சொன்னார். சீட்டுக் குழாயிலும் போடச் சொன்னபோதுதான் நான் டிரில்லரைக் கீழே வைத்தேன்.

"ஓட்ட போட்டா அது ஒடிஞ்சு, ஒடிஞ்ச குழா ஒம்ம உடம்புல எங்க ஏறும்னு யோசிச்சீரா?"

யோசித்தார். அந்த ஓட்டை மட்டும் வேண்டாம் என்றார்.

ஒவ்வொரு சனிக்கிழமையும் வத்தல் மண்டித் தராசில் வண்டியைத் தொங்கவிட்டு எடை பார்த்தோம். மிளகாய் வத்தல் மூடைக்கு நடுவில் தும்மித் தும்மித்தான் பார்த்தோம். பத்தரைக் கிலோவில் ஆரம்பித்த வண்டி ஜூன் கடைசியில் ஒன்பதே கால் கிலோவுக்கு வந்தது. அதற்குமேல் அதில் கழற்ற எதுவும் இல்லை. அதனால் மனுஷன் தன் உடம்பில் கை வைத்தார். காலையில் ஊறவைத்த கொண்டைக்கடலை, மத்தியானம் கம்பங்கஞ்சி, ராத்திரி ஒரு முட்டை. தினம் இரண்டு தகரம் மிட்டாயைத் தூக்கித் திரிகிறவர், ஒரு துண்டு எடுத்து வாயில் போடவில்லை. கழுத்து எலும்பு வெளியே வந்துவிட்டது.

ஒருநாள் இஞ்ஞாசியம்மாள் கடைக்கு வந்தாள். கண் கலங்கி இருந்தது.

"அண்ணாச்சி, ஒங்க சேக்காளிக்குக் கிறுக்குப் பிடிச்சிருக்கு. நேத்து கால்ல முடியச் செரச்சுட்டு வந்து நிக்காவ."

"கால்லயா?"

"ரெண்டு கால்லயும். முடி காத்தத் தடுக்குதாம். அந்தோணியாரே, எங்காலவிட அவிய காலு வழவழன்னு இருக்கு அண்ணாச்சி. நான் எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டுப் பூசைக்குப் போவேன்?"

"வேட்டி கட்டுனா யாருக்குத் தெரியப் போகுது?"

"எனக்குத் தெரியுமே!" என்றாள். "அது போகட்டும். வீட்டுக்குள்ள இருக்க முடியல. மவ சொல்லுதா, 'எம்மா, ஒங்க வீட்டுக்காரர்ட்ட கஞ்சி ஆறுதுன்னு சொல்லு'ங்கா. அவிய என் பக்கத்துலதான் இருக்காவ. 'இஞ்ஞாசி, எனக்குப் பசிக்கலன்னு ஒம்மவகிட்டச் சொல்லு'ங்காவ. நான் என்ன போஸ்டாபீசா வச்சிருக்கேன்? ரெண்டு பேரும் என் மூஞ்சியப் பாத்தே பேசுதாவ. எனக்குக் கழுத்து வலிக்குது அண்ணாச்சி."

"பிள்ள என்ன சொல்லுதா?"

"என்ன சொல்லுவா? ராத்திரி தலகாணியோட அழுதா. காலையில எழுந்திருச்சு, அவியளுக்குக் கடல ஊறிட்டான்னு அவளே போய்ப் பாக்குதா. பாத்துட்டு எங்கிட்ட வந்து சொல்லுதா."

இஞ்ஞாசியம்மாளுக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினேன். ஜேசுதாசனை நினைத்துக் கோபம் கோபமாக வந்தது. அந்தக் கோபத்தோடுதான் அன்று மத்தியானம் அவர் வண்டிச் செயினை மண்ணெண்ணெயில் கழுவினேன்.

பந்தயத்தன்று விடியும்போதே காற்று ஆரம்பித்துவிட்டது. ஆடி முடிகிற நேரத்துக் காற்று, மேற்கேயிருந்து ரோட்டுக்குக் குறுக்கே அடிக்கும். காடெல்லாம் உழுது போட்டு மழைக்குக் காத்துக் கிடந்தது. புழுதி எழுந்து கண்ணைத் திறக்கவிடவில்லை. ஜேசுதாசன் தையல்காரர் சிவனாண்டியிடம் சொல்லித் தைத்த உடுப்பில் வந்தார். இறுக்கிப் பிடித்த பனியன், இறுக்கிப் பிடித்த அரைக்கால் டவுசர். இரண்டிலும் பாக்கெட் கிடையாது. பாக்கெட் இருந்தால் காற்றுப் புகுந்து பின்னால் இழுக்குமாம். பெண்டுகள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டார்கள்.

"சாப்பிட்டீராவே?" என்று கேட்டேன்.

"வெறும் வயிறு. அரைக் கிலோ கொறையும்லா."

பிரின்ஸ்டன் பழைய அட்லஸ் சைக்கிளில் வந்திருந்தான். கேரியர், மணி, டைனமோ, முன்னால் கம்பிக் கூடை. கூடையில் ஒரு கைக்குட்டை மடித்து வைத்திருந்தான். ஜேசுதாசன் அந்தக் கூடையை ஏளனமாகப் பார்த்தார்.

பங்குச் சாமியார் கொடியசைத்தார். பதினான்கு பேர் கிளம்பினார்கள். பழுது பார்க்க நான் பம்பும் ஸ்பேனருமாக டிவிஎஸ் வண்டியில் பின்னால் போனேன்.

உள்ளதைச் சொல்ல வேண்டும். அந்த வண்டி போன போக்கைப் பார்த்தபோது எனக்கே ரோமம் சிலிர்த்தது. சத்தமே இல்லை. மற்றவர்கள் எழுந்து நின்று மிதித்து, நாக்குத் தள்ளி வருகிறார்கள். இவர் குனிந்து உட்கார்ந்து சும்மா காலைச் சுற்றுகிறார், வண்டி பாய்கிறது. அந்த வண்டிக்கு மூக்குக் கடைந்தவன் நான், ஓட்டை போட்டவன் நான் என்று ரோட்டில் நின்றவர்களிடம் கத்த வேண்டும்போல் இருந்தது. மேற்கே கயத்தாறுப் பக்கத்துக் காற்றாடிகள் வெறி பிடித்துச் சுற்றின. வண்டி கனமில்லாததால் காற்று அதை ரோட்டோரத்துக்குத் தள்ளிக்கொண்டே இருந்தது. இவர் இரண்டு கையாலும் கொம்பைப் பிடித்துச் சமாளித்தார். கடம்பூர் வரும்போது பின்னால் கண்ணுக்கெட்டிய தூரம் ஒருவனும் இல்லை.

போளிக் கடை வாசலில் ராமசுப்பு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தான். கல்லிலிருந்து அப்போதுதான் எடுத்த போளியை இலையில் சுற்றி நீட்டினான். ஜேசுதாசன் வாங்கிய வேகத்தில் கையைப் பின்னால் கேரியருக்குக் கொண்டுபோனார். கேரியர் இல்லை. முன்னால் பார்த்தார், கூடை இல்லை. நெஞ்சைத் தடவினார், இடுப்பைத் தடவினார். பாக்கெட்டும் இல்லை.

"எங்கவே வைக்க?" என்றார்.

"எங்கிட்டக் கேட்டா?" என்றான் ராமசுப்பு. "போன வருசம் எங்க வச்சீரு?"

"போன வருசம் கேரியர் இருந்துச்சு."

"அதுல வையும்."

"அது இல்லவே இப்ப!"

பதினோரு வருஷமாகக் கேரியரில் செருகிச் செருகி, அது ஒரு வேலை என்றே அவர் மனசில் இல்லாமல் போயிருக்கிறது. எனக்கும் தோன்றவில்லை, அதையும் ஒத்துக்கொள்கிறேன். நாலு மாதம் இரண்டு பேரும் உட்கார்ந்து, ஒரு போளி வைக்க இடமில்லாத வண்டியைச் செய்து முடித்திருந்தோம். நான் கையை நீட்டினேன்.

"அய்யாத்துரை, நீரு வாங்கக் கூடாது" என்றான் ராமசுப்பு. "ஓட்டுதவருதான் கொண்டு போகணும். ரூல்."

ரூல் பேசுகிறவன் வாயோரத்தில் கடலைப்பருப்புப் பூரணம் ஒட்டியிருந்தது.

ஜேசுதாசன் போளியைப் பனியனுக்குள் நெஞ்சோடு செருகினார். அடுத்த நொடி "அம்மா!" என்று கத்திக்கொண்டு வெளியே உருவினார். அவ்வளவு சூடு. நேரம் போகிறது என்று ஒரு கையில் போளி, ஒரு கையில் ஹேண்டில்பார் என்று கிளம்பினார். ஊரைத் தாண்டியதும் காற்று ஓர் இடி இடித்தது. வண்டி கருவேல முள்ளுக்குள் போகப் பார்த்தது. இரண்டு கையும் வேண்டும். வேறு வழியில்லாமல் இலைப் பொட்டலத்தை வாயில் கவ்விக்கொண்டார்.

எதிரே பிரின்ஸ்டன் வந்தான். இவரைப் பார்த்து, "கவனமாப் போங்க மாமா, காத்து தள்ளுது" என்று சொல்லிவிட்டுப் போனான். இவர் வாயில் போளி. பதில் சொல்ல முடியவில்லை.

நான் பின்னாலேயே வந்தேன். ஒன்றரை மாதமாக இனிப்பைத் தொடாத மனுஷர், வெறும் வயிறு, மூக்குக்குக் கீழே சூடு ஆறாத போளி. நெய் உருகி இலையில் கசிந்து நாடியில் இறங்குகிறது. இரண்டு கிலோமீட்டர் தாக்குப் பிடித்தார். மூன்றாவது கிலோமீட்டரில் தாடை அசைந்தது. இலையைச் சரிசெய்கிறார் போல என்று நினைத்தேன். மறுபடியும் அசைந்தது. காது ஆடியது. மிதிப்பது நின்று வண்டி தானாக உருண்டது. பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தால் மனுஷர் கண்ணை மூடி ரசித்து மெல்கிறார். கடைசி விள்ளலையும் முழுங்கிவிட்டு, வெறும் இலையை ஹேண்டில்பாரோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு கண்ணைத் திறந்தவர், என்னைப் பார்த்தார். முகம் வெளுத்துப்போனது.

"விழுந்துட்டுவே" என்றார். "கேட்டா விழுந்துட்டுன்னு சொல்லுவேன். நீரு ஒண்ணும் பாக்கல."

"நான் ரோட்டத்தான் பாக்குதேன்" என்றேன்.

போளி உள்ளே போனதும் ஒரு தெம்பு வந்தது பாருங்கள், அப்புறம் என் டிவிஎஸ் அவரை எட்டவே இல்லை.

முதலில் வந்து சேர்ந்தது அவர்தான். கூட்டம் விசில் அடித்தது, மேளம் அடித்தது. விழாக் குழுத் தலைவர் காமராஜ் மாலையோடு முன்னால் வந்தார். அவர் தீப்பெட்டி ஆபீஸ் முதலாளி, எதிலும் முறை பார்க்கிறவர்.

"போளியக் குடுங்க அண்ணாச்சி."

ஜேசுதாசன் இலையைக் கொடுத்தார். காமராஜ் இலையைப் பிரித்தார், திருப்பினார், உதறிப் பார்த்தார்.

"இலை இருக்கு. போளி எங்க?"

மேளம் நின்றது. காமராஜ் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நோட்டீசை எடுத்து அந்த வரியைச் சத்தமாகப் படித்தார். கூட்டம் இரண்டாகப் பிரிந்தது. காற்றில் விழுந்திருக்கும் என்றது ஒரு பக்கம். விழுந்தால் இலையும் சேர்ந்து விழுந்திருக்காதா என்றது இன்னொரு பக்கம். நான் வந்து வண்டியை நிறுத்துவதற்குள் காமராஜ் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"அய்யாத்துரை, நீரு பின்னாலயே போனீரு. விழுந்துச்சா, தின்னாவளா?"

"நான் ரோட்டப் பாத்து ஓட்டுனேன்" என்றேன். "அவரு வாயப் பாத்தா ஓட்டுவேன்?"

இந்த வாக்குவாதத்துக்கு நடுவில் பிரின்ஸ்டன் வந்து சேர்ந்தான். சட்டை முழுக்க வேர்வை, புழுதி. இறங்கியதும் கால் மடங்கித் தரையில் உட்கார்ந்துவிட்டான். கூடையிலிருந்து கைக்குட்டையை எடுத்துப் பிரித்தான். போளி ஒரு விள்ளல் உடையாமல் இருந்தது.

ஜேசுதாசன் வைத்த சவால் ஏற்கெனவே ஊருக்கே தெரியும். இப்போது எல்லாருக்கும் விஷயம் புரிந்துவிட்டது. போளி விழுந்திருந்தால் ஜேசுதாசன் ஜெயித்தார், பேச்சு முறிந்தது. தின்றிருந்தால் பையன் ஜெயித்தான், ஞாயிற்றுக்கிழமை ஓலை.

"நீங்களே சொல்லுங்க அண்ணாச்சி" என்றார் காமராஜ். "ஒங்க வார்த்ததான் தீர்ப்பு. பதினோரு வருசம் ஜெயிச்ச மனுசன், பொய்யா சொல்லப் போறீங்க?"

ஜேசுதாசன் வாயைத் திறந்தார். அந்த நேரம் பார்த்து ஜெயஷீலா தண்ணீர்ச் செம்போடு கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். பிரின்ஸ்டன் தரையிலிருந்து நிமிர்ந்து பார்த்தான். அவனைத் தாண்டிப் போய்த் தகப்பனிடம் செம்பைக் கொடுத்தாள். கொடுத்துக்கொண்டே காதோரம் குனிந்து ஏதோ சொன்னாள். சொல்லிவிட்டுப் போய் இஞ்ஞாசியம்மாள் பக்கத்தில் நின்றுகொண்டாள்.

அவர் தண்ணீரைக் குடிக்கவில்லை. செம்பைப் பிடித்தபடியே நின்றார்.

"தின்னுட்டேன்" என்றார்.

"என்னது?"

"போளியத் தின்னுட்டேன். பசிச்சுது, தின்னுட்டேன். நல்லாவும் இருந்துச்சு."

முதலில் கண்ணாடியைக் கழற்றியது காமராஜ்தான். "மவளுக்காக இப்படி ஒரு பொய் சொல்லுதாரே!" என்று தழுதழுத்தார். "தகப்பன்னா இவருல்லா தகப்பன்!"

அவ்வளவுதான், கூட்டம் அழ ஆரம்பித்துவிட்டது. பிரின்ஸ்டனின் தகப்பனார் ஓடிவந்து கட்டிப்பிடித்தார். பிரின்ஸ்டன் காலில் விழுந்தான். விழுந்தவன் அந்த வழவழத்த காலைப் பார்த்து ஒரு நிமிஷம் திகைத்துப் போனதை நான் கவனித்தேன். ஜேசுதாசன், "நெசமாத்தாம்பா தின்னேன், நெசமாத்தான்" என்று ஒவ்வொருவரிடமும் சொல்லிப் பார்த்தார். சொல்லச் சொல்ல எல்லாரும் அதிகமாக அழுதார்கள். சாயங்காலம் டீக்கடையில் பேச்சு முற்றிவிட்டது. போளியை வழியில் ஒரு பிச்சைக்காரிக்குக் கொடுத்துவிட்டு, மகளுக்காக வேண்டுமென்றே தோற்றாராம். கண்ணால் பார்த்தவன் நான் டீ குடித்துக்கொண்டு அங்கேதான் உட்கார்ந்திருக்கிறேன். வாயைத் திறக்க முடியவில்லை. இந்த ஊரில் உண்மையைச் சொல்லி என்ன பிரயோஜனம்?

ஓலை வாசித்த மறுநாள் திங்கட்கிழமை காலையில், ஜேசுதாசன் வண்டியை உருட்டிக்கொண்டு கடைக்கு வந்தார். மிட்டாய்த் தகரம் வைக்கிற மாதிரி கனமான கேரியராகப் போடச் சொன்னார். விளாத்திகுளம் ரோட்டுக்கு ஒல்லி டயர் தாங்குமா என்றும் கேட்டார். தாங்காது என்றேன். மாற்றச் சொன்னார். ஸ்பேனரைப் போட்டுத் திருகிக்கொண்டே கேட்டேன்.

"நெசத்தச் சொல்லும்வே. விழுந்துட்டுன்னு சொல்லத்தான வந்தீரு?"

"ஆமா. வாயத் தொறந்துட்டேன்."

"பெறகு? பிள்ள காதுல அழுதாளா?"

"அழல." சீட்டைத் தடவிக்கொண்டு நின்றார். "நாலு மாசங்கழிச்சு எங்கிட்டப் பேசுத மொதப் பேச்சுவே அது. 'எப்பா, வாயோரத்துல நெய் இருக்கு, தொடச்சுக்கோங்க'ன்னா. 'தொடச்சிட்டு, விழுந்துட்டுன்னு சொல்லுங்க. இத்தன பேருக்கு முன்னால நீங்க தோத்து நிக்கதப் பாக்க எனக்கு முடியாது'ன்னா."

நான் ஸ்பேனரைக் கீழே வைத்தேன்.

"அதக் கேட்டதுக்குப் பெறகு" என்றார் ஜேசுதாசன், "எப்படிவே பொய் சொல்ல?"